தேய்ந்த காசு

"செல்லாது!"

தேநீர்க் கடைக்காரர் உதிர்த்தது ஒரே சொல். எதிரே நின்றவர் மூட்டை தூக்கும் தோழர். கல்லாவின் மேல் கிடந்தது பத்து ரூபாய் நாணயம். அதன் மஞ்சள் வளையம் கறுத்திருந்தது. நடுவிலே இருந்த வெள்ளை வட்டத்தில் கீறல்கள் ஏராளம். தேநீரோ குடித்தாகிவிட்டது. தோழரிடம் வேறு காசு கிடையாது. உழைத்துச் சம்பாதித்த காசை நீட்டிவிட்டு, நாலு பேர் நடுவே கள்ளக்காசு நீட்டியவர்போலக் கைபிசைந்து நின்றார். நாம் வேறு காசு கொடுத்து, அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அசோகச் சிங்கங்கள் இருந்தன, ஆண்டு இருந்தது. அடித்த சாலையின் அடையாளமும் இருந்தது. மும்பை என்றால் வைரக்கட்டம், ஐதராபாத் என்றால் விண்மீன், நொய்டா என்றால் புள்ளி, கொல்கத்தா என்றால் ஒன்றுமே இல்லை! இந்த வித்தையை நமக்குக் கற்றுத் தந்தவர்கள் நாணயம் சேர்ப்போர். நம்முடையதில் இருந்தது புள்ளி. நல்ல நாணயமேதான். அப்படியானால் அது செய்த குற்றம் என்ன? பல கை மாறியது, பலர் பசி தீர்த்தது, கறுத்தது!

கறுப்பதிலே கள்ளத்தனம் ஏதுமில்லை. அந்த வளையம் செம்போடு அலுமினியம் கலந்த உலோகம். காற்றும் வியர்வையும் பட்டால் நிறம் மாறத்தான் செய்யும். தேய்வது வேறு கதை. நாணயத்தில் எந்த இடம் உயர்ந்திருக்கிறதோ, அந்த இடமே முதலில் தேயும். சிங்கத்தின் முகம் மழுங்கிய பிறகும், மேடான விளிம்பின் அரவணைப்பிலே ஓர எழுத்து நெடுநாள் பிழைத்திருக்கும். உயர்ந்த இடத்தில் இருப்போர் முதலில் தேய்வது நாணயத்திலே மட்டும்தான், நாட்டிலே அல்ல!

உலோகத்துக்கு உலோகம் தேய்மானம் மாறும். 1965இல் வந்த அலுமினிய ஒரு பைசாவின் எடை முக்கால் கிராம். தேய்வதற்கு முன்பே அது வளைந்தது, நசுங்கியது. செம்பும் நிக்கலும் கலந்த பழைய ரூபாய், ஆற்றுக் கூழாங்கல்போல மெல்ல மெல்ல வழவழப்பானது. 1992 முதல் வந்த எஃகு ரூபாயோ கடினமானது. அதில் அச்சு ஆழமாக ஏறாது. ஆகவே தேய்வதும் குறைவு, தேய்வதற்கு இருப்பதும் குறைவு.

இந்தத் தேய்மானத்துக்கு மதிப்பெண் போட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்கர், வில்லியம் ஷெல்டன். மனித உடலையே வகைவகையாகப் பிரித்து எண் ஒட்டிய உளவியலார்! 1949இல், பழைய அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று பல நாட்டு நாணயங்களையும் அதைக்கொண்டே அளக்கிறார்கள். எவர் கையும் படாமல், கடைத்தெருவே காணாமல் பெட்டிக்குள் உறங்கிய காசுக்கு 60க்கு மேல். ஊரெல்லாம் ஓடி உழைத்து உருவம் மங்கிய காசுக்கு 4. அந்த நாலுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'குட்', அதாவது 'நல்லது'! உழைத்தவனுக்கு நல்லவன் என்ற பட்டம், விலையெல்லாம் உறங்கியவனுக்கு! உறங்கிய காசின் மேனியிலும் காயம் உண்டு என்பது வேறு வேடிக்கை. அடித்த சாலையிலேயே, மூட்டைக்குள் ஒன்றோடொன்று மோதிப் பட்ட காயம்.

அந்த ஷெல்டன் 1977இல் மறைந்தார். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றை அவற்றின் இடத்தில் அவர் வைத்துவிட்டது பின்னர் வெளிப்பட்டது. நீதிமன்றம் வரை போனது வழக்கு. நாணயத்தை அளந்தவரிடம் நாணயம் இருந்த அழகு அது!

சேர்ப்போர் எல்லாரையும் ஏளனம் செய்வதல்ல நமது நோக்கம். கறுத்த காசைப் புளி போட்டுத் துலக்காதே, மதிப்புப் போய்விடும் என்று எச்சரிப்பவர்கள் அவர்கள். அவர்களிலேயே ஒரு கூட்டம், 70ஐ விட்டுவிட்டு 1ஐத் தேடி அலைகிறது! ஆண்டும் வகையும் மட்டும் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் தேய்ந்திருக்க வேண்டும். அரம் போட்டுத் தேய்த்தது ஆகாது. கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்ததுதான் வேண்டும். நமக்குப் பிடித்த கூட்டம் இதுதான்.

தேய்மானத்தின் நட்டம் யார் தலையில் விழுகிறது? அந்நாளில் இங்கிலாந்தில் பொன் நாணயம் புழங்கியது. ஒரு சவரன் ஏறத்தாழ 18 ஆண்டு ஓடினால் சட்டம் கேட்கும் எடைக்குக் கீழே இறங்கிவிடும் என்று 1868இல் கணக்கிட்டார் ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர். ஆயிரம் பேர் கைபட்டுத் தேய்ந்த சவரன், கடைசியில் எவர் கையில் இருந்ததோ அவர் தலையில் விழுந்தது நட்டம்! பொதுப்பணத்திலிருந்து அந்த இழப்பை ஈடுகட்ட 1891இல்தான் சட்டம் வந்தது.

இன்றைய காசின் மதிப்பு உலோகத்தில் இல்லை. அரசின் வாக்கில் இருக்கிறது. சிதைக்கப்படாமலும், விதித்த எடைக்குக் கீழே இறங்காமலும் இருந்தால், ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரை செல்லும் என்கிறது 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம். பத்து ரூபாயில் 14 வடிவங்கள் உண்டு, பதினான்கும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அறிவிப்பு வந்தது, அச்சம் போகவில்லை.

மறுவாரம் அதே கடைக்குப் போய், இதையெல்லாம் சொல்லிக் காசை நீட்டினோம். கடைக்காரர் சிரிக்கவில்லை, சினக்கவுமில்லை. கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். அத்தனையும் கறுத்த பத்து ரூபாய்கள்!

"நான் வாங்கினேன் ஐயா. பால்காரர் வாங்கவில்லை, சர்க்கரை மண்டியில் வாங்கவில்லை. கடையை மூடிவிட்டு வங்கியில் போய் நிற்க முடியுமா?"

எண்ணினோம். 42 இருந்தன, நம்முடையதோடு 43. நாளைக் காலை வங்கிக்கு நாமும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.