டர்போ காருக்கு ஃபோம் ஏர் ஃபில்டர்: பிக்கப் ஏறுமா, டர்போ போகுமா?

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் போகும் சாலையில், தை மாத அறுவடை நேரத்தில் ஒருமுறை கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் கிளப்பும் தூசி. மெயின் ரோட்டை விட்டு கிராமத்துக்குள் திரும்பினால் கண்மாய்க் கரை மண் பாதை. வீடு வந்து பானெட்டைத் திறந்து விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும்.

அந்தத் தூசிக்கும் காரின் இன்ஜினுக்கும் நடுவில் நிற்பது, சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு காகித ஏர் ஃபில்டர். அதைக் கழற்றிவிட்டுப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ‘பெர்ஃபாமன்ஸ்’ ஃபோம் ஃபில்டர் மாட்டினால் பிக்கப் தூக்கும், மைலேஜ் கூடும், கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு இப்போது ரீல்ஸ் முதல் ஒர்க்‌ஷாப் வரை ஓடிக்கொண்டிருக்கிறது. டர்போ கார் வாங்கியவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதல்.

உண்மை என்ன? முதலிலேயே சொல்லிவிடலாம். கம்பெனி செட்டிங்கில் ஓடும் டர்போ காரில் ஃபில்டரை மட்டும் மாற்றினால் கிடைக்கும் பவர், ஓட்டுபவர் உணர முடியாத அளவுக்குச் சின்னது. ஆனால் பராமரிப்பில் தவறினால் கைவைக்க வேண்டியது காரின் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்றில்.

நம்ம காரில் டர்போ இருக்கா?

பெட்ரோலில் டாடா நெக்ஸான், மாருதி ஃப்ராங்க்ஸின் 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட், ஹூண்டாய் வென்யூவின் 1.0 லிட்டர் டர்போ எல்லாம் இந்த வகை. டீசலைப் பொறுத்தவரை கேட்கவே வேண்டாம். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா என்று ஊரில் ஓடும் டீசல் கார்களில் பெரும்பாலானவற்றில் டர்போ உண்டு. பல பேருக்கு அது நினைவிலேயே இருக்காது.

டர்போ செய்யும் வேலை எளிமையானது. சைலன்சர் பக்கம் வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. அந்தச் சக்கரத்தின் இறக்கைகள் அலுமினியத்தால் ஆனவை, ஓரங்கள் மெல்லியவை.

காற்றின் அளவையும் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று. 100 குதிரைத் திறன் உள்ள டர்போ இன்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 லிட்டர் காற்றை இழுக்கும். அத்தனையும் அந்த ஒற்றை ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

ஃபோம் ஃபில்டர் எப்படி வேலை செய்யுது?

காகித ஃபில்டர் ஒரு சல்லடை மாதிரி. தூசி பெரும்பாலும் அதன் மேல்பரப்பிலேயே நின்றுவிடும். படியப் படிய இன்னும் நுண்ணிய தூசியைக்கூடத் தடுக்கும், ஆனால் மூச்சு கொஞ்சம் முட்டும்.

ஃபோம் வேறு வகை. பாலியூரித்தேன் என்ற பஞ்சு, உள்ளே வலைப்பின்னல் போல ஆயிரக்கணக்கான அறைகள். துளைகள் பெரியவை என்பதால் காற்று எளிதில் புகும். அப்படியானால் தூசியும் எளிதில் புகுமே? புகும். அதற்காகத்தான் ஃபோமில் ஒருவித ஒட்டும் எண்ணெய் ஏற்றப்படுகிறது. வளைந்து வளைந்து போகும் காற்றோடு வரும் தூசி, எண்ணெய் பூசிய சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். அதாவது வடிகட்டுவதில் பாதி வேலை பஞ்சினுடையது, மீதி எண்ணெயினுடையது.

இது ஊருக்குப் புது விஷயமும் இல்லை. பழைய 100 சிசி பைக்குகள் பலவற்றில் இருந்தது ஃபோம்தான். மெக்கானிக் அதைக் கழுவி, எண்ணெயில் நனைத்து, பிழிந்து மாட்டுவதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. டிராக்டரில் இருக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனரும் இதே தத்துவம்தான். கிண்ணத்தில் எண்ணெய் காய்ந்தாலோ சேறாகிவிட்டாலோ என்ன ஆகும் என்று டிராக்டர் வைத்திருக்கும் எந்த விவசாயியும் சொல்வார். புழுதியும் சேறுமாக ஓடும் மோட்டோகிராஸ் பைக்குகளில் இன்றும் எண்ணெய் பூசிய ஃபோம்தான் வழக்கம். ஆனால் அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவுகிறார்கள். கார் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் வருடத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் பெட்டியைத் திறக்கிறார்கள்?

அப்போ பவர் ஏன் கூடாது?

ஆவுடையார்கோவில், அதாவது திருப்பெருந்துறை, பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்ததாகச் சொல்லப்படும் ஊர். குதிரைத் திறன் வாங்கப் போகிறவர்களும் பணத்தை எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும் என்று முடிவு செய்வது ஃபில்டர் அல்ல, காரின் இசியு என்ற கம்ப்யூட்டர். டர்போவில் வேஸ்ட்கேட் என்றொரு சின்னக் கதவு இருக்கிறது. புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தைச் சுற்றாமல் வெளியே விடுவது அதன் வேலை. காகித ஃபில்டர் காற்றைக் கொஞ்சம் தடுத்தால், இசியு அந்தக் கதவைக் கொஞ்சம் கூடுதலாக மூடி, தேவையான அழுத்தத்தை எட்டிவிடும். காற்று எளிதாக வரும் ஃபோம் போட்டால், அதே கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு அதே அழுத்தத்தில் நிறுத்திக்கொள்ளும். இன்ஜினுக்குள் போகும் காற்று கிட்டத்தட்ட அதே அளவுதான். டர்போ கொஞ்சம் சிரமப்படாமல் சுற்றும், அவ்வளவே.

அந்தத் தடுப்பும் பெரிதில்லை. புதிய காகித ஃபில்டரால் முழு வேகத்தில் ஏற்படும் அழுத்த இழப்பு, வெளிக்காற்றழுத்தத்தில் பொதுவாக ஓரிரு சதவீதம்தான். காரைத் தயாரித்தவர்கள் ஃபில்டரின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே தேவைக்கு மேல் இடம் விட்டுத்தான் செய்கிறார்கள்.

மைலேஜ்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன பெட்ரோல் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். மைலேஜ் குறையவில்லை. வேகமெடுப்பது மட்டும் மந்தமானது. அடைத்த ஃபில்டரை மாற்றியதும் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. அவை டர்போ கார்கள் அல்ல. ஆனாலும் இதில் ஒரு விஷயம் புரியும். அடைத்த ஃபில்டரை மாற்றினால் பிக்கப் திரும்ப வரும். அதற்கு ஃபோம்தான் வேண்டும் என்பதில்லை, கம்பெனியின் புதுக் காகித ஃபில்டர் போட்டாலும் வரும். ‘ஃபோம் போட்டதும் வண்டி பறக்குது’ என்பவர்களில் பலர் கழற்றிப் போட்டது, வருடக்கணக்கில் மாற்றாத ஃபில்டராக இருக்கும்.

இன்னொரு காரணம் காது. ஃபோம் வழியாக டர்போவின் விசில் சத்தமும் காற்று உறிஞ்சும் சத்தமும் நன்றாகக் கேட்கும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாகவே தோன்றும்.

விதிவிலக்கு உண்டு. இசியு-வை ரீமேப் செய்து அழுத்தத்தையே உயர்த்தியவர்களுக்கும், பந்தயத்தில் ஓட்டுபவர்களுக்கும் காற்றின் தேவை கம்பெனி கணக்கைத் தாண்டிவிடும். அங்கே நல்ல ஃபில்டர் பயன் தரும்.

பெட்டிக்கு வெளியே கூம்பு ஃபில்டர் போடலாமா?

ஃபோம் ஃபில்டரில் இரண்டு வகை. ஒன்று, கம்பெனி பெட்டிக்குள் அதே அளவில் உட்காருவது. இன்னொன்று, பெட்டியையே கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்த வெளியில் மாட்டும் கூம்பு. பார்க்க அழகு, சத்தமும் அதிகம்.

ஆனால் அது இழுப்பது இன்ஜின் அறையின் சூட்டுக் காற்றை. புதுக்கோட்டை மாவட்டத்து மே மாத வெயிலில் வெளியே 38 டிகிரி என்றால், டிராஃபிக்கில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் 60 டிகிரி வரலாம். அந்த வித்தியாசத்திலேயே காற்றின் அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். டர்போ காரில் இன்டர்கூலர் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல. ஓரிரு சதவீதத்தைத் தேடிப் போய் அதைவிட அதிகமாக இழக்கும் வியாபாரம் இது. எங்கள் ஊர் வெயிலுக்கு வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக் சரியாகத்தான் சொல்கிறார்.

டர்போவுக்கு என்ன ஆபத்து?

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேச முறை இருக்கிறது. குறிப்பிட்ட அளவு தூசியை ஊதி, எவ்வளவு தடுத்தது என்று எடை போடுவார்கள். பாக்கெட்டில் ‘99 சதவீதம்’, ‘97 சதவீதம்’ என்று பார்க்கும்போது இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். திருப்பிப் பார்க்க வேண்டும். 100 கிராம் தூசி வந்தால் முதல் ஃபில்டர் உள்ளே விடுவது 1 கிராம், இரண்டாவது விடுவது 3 கிராம். இன்ஜினுக்குள் போகும் மண் மூன்று மடங்கு.

கண்ணுக்குத் தெரிகிற மணல் பிரச்சினையே இல்லை, அதை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்ப்பது, தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத நுண்தூசி. அது முதலில் மோதுவது டர்போ சக்கரத்தில். இரண்டு லட்சம் சுற்றில் ஓடும் அலுமினிய இறக்கையில் தூசி படுவது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். ஓரம் மழுங்கி, காற்றை அழுத்தும் திறன் குறையும்.

எண்ணெய் குறைந்தால் இந்தக் கதை. எண்ணெய் அதிகமானால் வேறு கதை. டீசல் கார்களிலும் சில பெட்ரோல் கார்களிலும் ஃபில்டருக்கு அடுத்தே மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும். சூடான மெல்லிய படலம் ஒன்று, கடந்து போகும் காற்றை அளக்கும். ஃபோமிலிருந்து கிளம்பும் எண்ணெய்த் துளிகள் அதில் படிந்தால் கணக்கு தப்பும். செக் இன்ஜின் விளக்கு எரியும், இழுவை குறையும், ஸ்கேனரில் பி0101 என்ற கோடு வரலாம். பிரச்சினை ஃபில்டரில் என்று தெரியாமல் சென்சாரையே மாற்றிச் செலவழிப்பதும் நடக்கிறது.

மூன்றாவது, பழைய ஃபோம். சூட்டிலும் ஈரத்திலும் பல வருடம் இருந்த பஞ்சு, விரலால் கிள்ளினால் உதிரும். அந்தத் துணுக்கு போகும் வழியில் முதலில் இருப்பது டர்போ.

வாரன்ட்டியையும் மறக்கக் கூடாது. கம்பெனி அல்லாத உதிரி பாகத்தால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலான வாரன்ட்டி புத்தகங்களில் இருக்கும்.

80 வருஷத்துக்கு முன்னாடியே இதே சண்டை

ஃபில்டரா, பவரா என்ற இழுபறி இன்றைக்கு வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போனபோது, மணலில் இருந்து இன்ஜினைக் காப்பாற்ற மூக்கின் கீழே வோக்ஸ் என்ற பெரிய ஃபில்டர் மாட்டினார்கள். டர்போ போலவே காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் இருந்த இன்ஜின் அது. இன்ஜின் பிழைத்தது, விமானத்தின் வேகம் குறைந்தது. விமானிகள் நொந்துகொண்டார்கள். பிறகு எகிப்தின் அபூகிர் பராமரிப்புத் தளத்தில் சிறிய ஃபில்டர் ஒன்றை வடிவமைத்தார்கள். அங்கே தேடிய தீர்வு ஃபில்டரைத் தூக்கி எறிவது அல்ல, அதைச் சிறிதாக்குவது.

இல்ல, போட்டே ஆகணும்னா?

தார் ரோட்டிலேயே ஓடி, ஃபில்டரைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் என்றால் போடலாம். கம்பெனி பெட்டிக்குள் உட்காரும் வகையே நல்லது. ஓரத்து ரப்பர் நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு சின்ன சந்து இருந்தாலே மீதி அத்தனையும் வீண்.

கழுவுவதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் கிளீனர்தான் சரி. பெட்ரோல், தின்னர் வேண்டாம். பசையை விடுவித்துவிடும். துணியை முறுக்குவது போல முறுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் போதும். ஏர் பிடிப்பதும் கூடாது. நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகு ஃபோம் ஃபில்டருக்கான எண்ணெயை ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுப் பிசைந்தால் சீராகப் பரவும். சொட்டுகிற அளவுக்கு இருந்தால் அதிகம். வெளிறிய திட்டு தெரிந்தால் போதவில்லை. சில ஃபில்டர்களுக்குத் தயாரிப்பிலேயே பூச்சு இருக்கும், மேலே எதையும் ஊற்றக் கூடாது. அதனால் பெட்டிக்குள் இருக்கும் தாளைத் தூக்கிப் போடும் முன் படித்துவிட வேண்டும்.

ஃபில்டர் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் செம்மண் நிறம் வந்தால், தூசி தாண்டிவிட்டது. உடனே மாற்ற வேண்டும்.

காகித ஃபில்டரே போதும் என்பவர்களும் ஏர் அடித்து அடித்தே காலம் தள்ளக் கூடாது. அதிக அழுத்தத்தில் அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். சர்வீஸ் புத்தகத்தில் தூசி மிகுந்த சாலைகளுக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கும். ஆவுடையார்கோவில் பக்கம் ஓடும் கார்களுக்கு அந்தக் கணக்குதான் பொருந்தும்.

ஃபோமுக்கு மாறியவர்கள் பழைய காகித ஃபில்டரைத் தூக்கி எறிய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கழுவிய ஃபோம் காய இரண்டு நாள்கூட ஆகலாம். அதுவரை வண்டியை எடுக்க வேண்டுமானால், டிக்கியில் கிடக்கும் அந்தக் காகித ஃபில்டரைத்தான் மாட்ட வேண்டும்.