மண்டியிட்டு வணங்கும் மக்கள்

நைஜீரியாவின் தெற்கே, நைஜர் நதி பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் பகுதியில் வாழ்கிறார்கள் உர்ஹோபோ மக்கள். அங்கே ஒரு வீட்டுக்குக் காலை வேளையில் நீங்கள் போனால், முதலில் காதில் விழும் சொல் ‘மிக்வோ’. ‘மண்டியிடுகிறேன்’ என்று பொருள். சிறியவர்கள் முழங்காலை மடக்கிச் சொல்வார்கள். ‘வ்ரெண்டோ’, எழுந்திரு என்பார்கள் பெரியவர்கள். பிறகுதான் மற்றப் பேச்சு!

விசேஷ நாட்களில் அந்தப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணிக்கு ‘ஜார்ஜ்’ என்று பெயர். நம் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேறிய துணி என்பதால் வந்த பெயராம். சாப்பாடு, மரவள்ளி மாவில் பனை எண்ணெய் விட்டுக் கிண்டிய களியும், பனம்பழச் சாறு பிழிந்து வைத்த குழம்பும்.

அவர்களுடைய கடவுளின் பெயர் ஒகெனே. மனிதனுக்குள் ‘எர்ஹி’ என்று ஓர் ஆவி உண்டு. பிறப்பதற்கு முன் அது ஒகெனேயின் எதிரில் நின்று, பூமியில் தான் எப்படி வாழப் போகிறேன் என்பதைத் தானே சொல்லுமாம். அவர் முத்திரை வைத்துவிடுவார். ‘என் தலையில் இப்படி எழுதிவிட்டானே’ என்று நாம் பிரம்மாவை நொந்துகொள்ளலாம். அவர்களுக்கு அதற்கும் வழியில்லை, கேட்டு வாங்கிக்கொண்டதல்லவா?

இறந்தவர்கள் வாழும் உலகம் எரிவ்வின். முறைப்படி அடக்கம் செய்யாவிட்டால் ஆவி அங்கே போய்ச் சேராமல் அலையும் என்பது நம்பிக்கை. அதனால், தொலைதூரப் பட்டணத்தில் இறந்தவரையும் சொந்த ஊருக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தரையில் மதுவை ஊற்றி, கோலாக் கொட்டையை உடைத்து, முன்னோர்களைக் கூப்பிட்டுப் பிள்ளை வரமும் ஆரோக்கியமும் கேட்பார்கள்.

வரம் கொடுக்கும் அந்த முன்னோர்களே கண்காணிக்கவும் செய்கிறார்கள். யாரை என்று கேட்கிறீர்களா? மருமகளைத்தான்! மணமான பெண் கற்புத் தவறினால் எரிவ்வின் சீறும்; அவளுக்கோ குழந்தைக்கோ நோய் வரும். குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டு பரிகாரம் செய்தாலொழியத் தீராது. சரி, கணவன் தவறினால்? அவன்மேல் எரிவ்வினுக்கு அத்தனை கோபம் கிடையாது. ஆவிகளின் உலகத்திலும் நியாயம் இப்படித்தான் போலிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொக்கோரி என்ற ஊரில் உபியேஷா என்பவர் ‘இக்பே’ என்ற வழிபாட்டைத் தொடங்கினார். இக்பே என்றால் நடனம். வெள்ளை உடுத்தி, வெண்சுண்ணம் பூசி, ஒகெனேயை ஆடித் தொழுவார்கள். பெண்களும் அங்கே பூசாரிகளாக நின்று குறை கேட்கிறார்கள். மற்ற இடங்களில் கைகட்டி நிற்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இன்று உர்ஹோபோக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நிரம்பி வழிகிறது. ஆனாலும் எரிவ்வின் பயம் அடியோடு போய்விடவில்லை. குழந்தையின் காய்ச்சல் நாட்கணக்கில் தணியாவிட்டால், பாதிரியாரின் ஜெபம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, சில வீடுகளில் பெரியவர்களின் பார்வை மெல்ல மருமகள் பக்கம் திரும்பிவிடுகிறது.