ஜீப்பின் பின்புறம் ஏன் தாழ்கிறது?

இமாசல மலைப் பாதையில் போகும் ஜீப்பைப் பாருங்கள். உள்ளே ஆட்கள். மேலே மூட்டைகள். பின்புறம் தாழ்ந்திருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அடிப்பாகம் கல்லில் இடிக்கும்.

பாரத்தைத் தாங்குவது கமான் பட்டை. குலுக்கலை அடக்குவது ஷாக் அப்சார்பர். சாதாரண ஷாக் பாரம் தாங்காது. காற்று ஷாக் வேறு வகை. அதைச் சுற்றி ரப்பர் உறை உண்டு. டயருக்கு அடிப்பதுபோல வால்வு வழியாகக் காற்று அடிக்கலாம். பின்புறம் உயரும். மூட்டையை இறக்கியதும் காற்றைக் குறைக்கலாம்.

இங்கேதான் கவனம் வேண்டும். பாரத்தில் ஒரு பங்கு இப்போது ஷாக்கை மாட்டிய போல்ட்டின் மேல் விழுகிறது. அந்த இடம் பாரம் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. காற்று மிஞ்சினால் அங்கே விரிசல் விடும். மலை வளைவில் அது முறிந்தால் என்ன ஆகும்? வண்டி நிமிர்ந்து நிற்கிறதே, இன்னும் நாலு பேரை ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் கணக்கு. காற்று அடித்தால் அது கூடாது. பட்டை தளர்ந்த வண்டிக்கு முதலில் பட்டையை மாற்றுவதே நல்லது.

காற்றுக் குழாய் சைலன்சர் பக்கம் போகக் கூடாது. சூட்டில் உருகிவிடும். இணைப்பில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். வெறும் வண்டியிலும் காற்றை முழுவதும் இறக்காதீர்கள். ரப்பர் உறை மடிந்து கிழியும். பலவற்றில் குறைந்தது 20 பவுண்டு காற்று இருக்க வேண்டும். சரியான அளவு ஷாக்குடன் வரும் தாளில் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் காற்று அடியுங்கள்.