கன்னத்தைப் பார்த்து இனம் சொல்லலாம்



கடைக்காரர் 'பச்சை ஓணான்' என்று சொல்லிக் கொடுத்த குட்டி உண்மையில் எந்த இனம்? அமெரிக்கக் கண்டத்துப் பச்சை இகுவானாவாக இருக்கலாம். தென்கிழக்கு ஆசியாவின் சீன நீர் டிராகனாகவும் இருக்கலாம். குட்டியாக இருக்கையில் இரண்டும் குழப்பும். நிறத்தை நம்பாதீர்கள், கன்னத்தைப் பாருங்கள். காதுக்குக் கீழே வட்டமாகப் பெரிய செதில் ஒன்று தெரிந்தால் அது இகுவானா. நீர் டிராகனுக்கு அது கிடையாது.

இகுவானா சுத்த சைவம். கீரையும் இலையும்தான் உணவு. பூச்சியும் இறைச்சியும் கொடுத்துப் பழக்கினால் சிறுநீரகம் கெடும். நீர் டிராகனுக்கோ பூச்சிதான் முக்கியம். அமிழ்ந்து கிடக்கத் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். வெறும் கண்ணாடிச் சுவரில் மோதி மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும், பாவம்.

இகுவானா 5 அடிக்கு மேல் வளரும் மரவாசி. மீன் தொட்டியெல்லாம் அதற்குக் காணாது. ஆள் உயரக் கூண்டு, ஏறக் கிளைகள், குளிர்காய 35 டிகிரி செல்சியஸ் அளவில் ஓரிடம் வேண்டும். புற ஊதா-பி விளக்கும் கட்டாயம். அது இல்லாவிட்டால் உடலில் கால்சியம் சேராது, எலும்பு வளையும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

கையில் இருப்பது உடும்புக் குட்டியாக இருந்தாலோ, 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.