புதிய வண்ண மீன்களை உடனே தொட்டியில் விடலாமா? நான்கு வாரத் தனிமை ஏன் தேவை?

புதுதில்லி: கொல்கத்தாவின் பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் செல்லப்பிராணிச் சந்தையில் வண்ண மீன்கள் பாலித்தீன் பைகளில் விற்கப்படுகின்றன. வாங்குவோரில் பலர் வீடு திரும்பியதும் பையைத் தொட்டி நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, பின்னர் மீன்களைப் பழைய மீன்களோடு சேர்த்து விடுகின்றனர். பத்து நாள்களுக்குள் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்குகின்றன. இதில் வியப்பு என்னவென்றால், பல நேரங்களில் புதிய மீன் நலமாகவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் வளர்த்த பழைய மீன்களே இறக்கும். இதனால், குறை தண்ணீரில்தான் இருக்கிறது என்ற தவறான முடிவுக்கு வீட்டார் வந்துவிடுகின்றனர்.

புதிய மீன்களைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்திருப்பது அவசியமா என்ற கேள்விக்கு, ஏற்கெனவே மீன்கள் வாழும் தொட்டி வீட்டில் இருந்தால், அவசியம் என்பதே விடை. ஆனால் அந்தத் தனித் தொட்டி முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு வாளியில் நீர் நிரப்பி மீனை விடுவது, நோயிலிருந்து காப்பதாக எண்ணி நஞ்சில் இடுவதற்கு ஒப்பாகும்.

நலமாகத் தோன்றும் மீன்

மேற்கு வங்கத்தின் ஹவுரா, தெற்கு 24 பர்கனா மாவட்டங்களிலும், சென்னையின் கொளத்தூர் பகுதியிலும் வண்ண மீன் வளர்ப்பு பெருமளவில் நடைபெறுகிறது. அங்கிருந்து மொத்த வணிகரிடமும், பின்னர் பிற நகரங்களின் கடைகளுக்கும் மீன்கள் செல்கின்றன. இடையில் தங்கும் ஒவ்வோர் இடத்திலும் வேறு பண்ணைகளின் மீன்களோடு அவை கலக்கின்றன. ஒரே வலை பல தொட்டிகளில் இறங்குகிறது. பயண அழுத்தத்தால் மீனின் நோய் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. எனவே கடையில் பளபளப்பாக நீந்திய மீன் வீட்டுக்கு வந்து சில நாள்கள் கழித்தே நோய்க்குறி காட்டுவது இயல்பு.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு வெண்புள்ளி நோய். இறால் பண்ணைகளை அழிக்கும் வெண்புள்ளி வைரஸ் நோய் இதுவன்று. பெயர் மட்டுமே ஒன்று. நன்னீர் மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் இக்தியோஃப்திரியஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து வளர்கிறது. உடலில் உப்புத் தூவியதுபோல் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஒட்டுண்ணி. முதிர்ந்ததும் அது மீனிலிருந்து விழுந்து, தரையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பிளவுபடுகிறது. அவ்வாறு வெளிவரும் இளம் ஒட்டுண்ணிகள் ஓரிரு நாள்களுக்குள் வேறொரு மீனைக் கண்டடைய வேண்டும், இல்லையெனில் மடிந்துவிடும்.

ஆற்றிலோ ஏரியிலோ அவற்றுள் பெரும்பாலானவை மீனைக் காணாமலேயே அழிந்துவிடும். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியிலோ தப்பிச் செல்ல மீன்களுக்கு இடமில்லை. செவுளில் மட்டும் ஒட்டுண்ணி இருந்தால் வெளியே ஒரு புள்ளியும் தெரியாது. ஏற்கெனவே நோய் கண்டு மீண்ட மீனுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிவிடுவதால், அது சொற்ப ஒட்டுண்ணிகளைச் சுமந்தபடி நலமாகவே நீந்தும். அந்நோயை முன்பு அறியாத பழைய மீன்கள் முதலில் வீழ்வதன் காரணம் இதுவே.

எத்தனை நாள்?

இரண்டு வாரம் போதும் என்று கூறுவோரும் உண்டு. நான்கு வாரம் என்பதே பாதுகாப்பான கணக்கு. இந்த வேறுபாட்டுக்கு நீரின் வெப்பநிலையும் ஒரு காரணம். சுமார் 25 டிகிரி செல்சியஸில் வெண்புள்ளி ஒட்டுண்ணி ஏறத்தாழ ஒரு வாரத்தில் தன் வாழ்க்கைச் சுழற்சியை முடித்துவிடுகிறது. நீர் குளிர்ந்தால் அதே சுழற்சி பல வாரங்களுக்கு நீள்கிறது. தில்லி, லக்னோ போன்ற நகரங்களின் குளிர்காலத்தில், ஹீட்டர் இல்லாத தொட்டியில் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கெண்டை இனத்தைச் சேர்ந்த கோய் மீன்களில் வெப்பநிலையின் பங்கு இன்னும் பெரியது. 1998-ல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்ட கோய் ஹெர்பிஸ் வைரஸ், ஏறத்தாழ 16 முதல் 25 டிகிரி வரையிலான நீரில்தான் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்துகிறது. அந்த வரம்புக்கு வெளியே அது மீனுக்குள் ஓசையின்றித் தங்கியிருக்கக்கூடும். ஆகவே கோய் மீன்களைத் தனிமைப்படுத்தும் காலத்தில் நீர் அந்த வரம்புக்குள் இருப்பது அவசியம். தங்க மீன்களைத் தாக்கும் மற்றொரு ஹெர்பிஸ் வைரஸ் இந்தியப் பண்ணைகளிலேயே கண்டறியப்பட்டுள்ளது. 2016-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை, அதை நாட்டின் நன்னீர் அலங்கார மீன் பண்ணைகளில் பதிவான முதல் வைரஸ் நோய்ப் பரவல் என்று குறிப்பிட்டது. இறந்த மீன்களில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஏரோமோனாஸ் பாக்டீரியாவும் சேர்ந்தே காணப்பட்டது.

நான்கு வாரமும் எல்லா நோய்களையும் காட்டிக்கொடுத்துவிடாது. மைக்கோபாக்டீரியா வகைக் கிருமிகளால் வரும் மீன் காசநோய் வெளிப்பட மாதக்கணக்கில் ஆகலாம். அவற்றுள் ஒருவகை மனிதரின் தோல் காயங்கள் வழியாகவும் தொற்றக்கூடியது என்பதால், கையில் வெட்டோ புண்ணோ உள்ளவர்கள் தொட்டி நீரில் கையை விடாதிருப்பது நல்லது.

இடையில் ஒரு மீனுக்கு நோய் கண்டால், கடைசி நோய்க்குறி மறைந்த நாளிலிருந்து கணக்கை மீண்டும் தொடங்க வேண்டும். பாதியில் வேறு புதிய மீன்களை அதே தொட்டியில் சேர்த்தாலும் அப்படியே. இங்குதான் பலர் பொறுமை இழக்கின்றனர்.

தனித் தொட்டியே எமனாகும்போது

தனிமைப்படுத்தியதால்தான் மீன்கள் இறந்தன என்ற குற்றச்சாட்டும் வளர்ப்போரிடையே உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. மீன் தன் செவுள் வழியாக இடைவிடாது அம்மோனியாவை வெளியேற்றுகிறது. பழைய தொட்டியில், ஃபில்டரிலும் கூழாங்கற்களிலும் குடியிருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் இல்லை. அவை போதிய அளவு பெருகப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் 20 லிட்டர் நீரில் நான்கைந்து மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவே அவற்றின் செவுளை அரித்துவிடும். காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் அதன் நச்சு மேலும் கூடுகிறது.

இதற்கான தீர்வு எளியது; செலவும் குறைவு. மீன் வாங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பழைய தொட்டியின் மூலையில் கூடுதலாக ஓடவிட வேண்டும். புதிய மீன் வரும் நாளில் அதை எடுத்துத் தனித் தொட்டியில் பொருத்தினால், பாக்டீரியாக்களும் உடன் வந்துவிடும். கொண்டுசென்ற ஸ்பாஞ்சை, அந்த மீன்களின் தனிமைக் காலம் முடிந்ததும் பழைய தொட்டிக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அத்துடன் மூடி, ஹீட்டர், மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய் ஆகியவை போதும். கூழாங்கல் வேண்டாம், வெறும் தரையில்தான் கழிவையும் உண்ணாத தீவனத்தையும் உடனே காண முடியும். நாள்தோறும் கால் பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றிவர வேண்டும்.

வலை, குழாய், வாளி அனைத்தும் தனித் தொட்டிக்கெனத் தனியே இருக்க வேண்டும். எப்போதும் பழைய மீன்களுக்கு முதலிலும் புதியவற்றுக்குப் பின்னரும் தீவனமிடுவது நன்று. கை ஈரத்தோடு ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றால், நான்கு வாரக் காத்திருப்பும் ஒரு நொடியில் வீணாகிவிடும். கடையிலிருந்து வந்த பை நீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது. மீன்கள் இருந்த தொட்டியிலிருந்து வாங்கிய நீர்ச்செடிகளும் நத்தைகளும்கூட ஒட்டுண்ணியைச் சுமந்து வரலாம். அவற்றையும் சில வாரங்கள் மீனில்லாத நீரில் வைத்திருப்பதே முறை.

மருந்து வேண்டுமா?

வந்த நாளே மெத்திலீன் புளூவையோ, மருந்துக்கடையில் வாங்கிய டெட்ராசைக்ளின் மாத்திரையையோ தொட்டியில் போடும் வழக்கம் பலரிடம் காணப்படுகிறது. நோய் எதுவென்று அறியாமல் இவ்வாறு செய்வதில் நன்மையைவிடத் தீமையே அதிகம். மெத்திலீன் புளூ ஃபில்டரில் உள்ள பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். அதன்பின் அம்மோனியா ஏறும். முழு அளவு ஆன்டிபயாட்டிக் தராமல் இரண்டு நாளில் நிறுத்துவது, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளை வளர்ப்பதில்தான் முடியும். தாமிரம் கலந்த மருந்துகள் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. தனிமைக் காலத்தின் முதல் வேலை கவனிப்பது: மீன் உண்கிறதா, செவுள் வேகமாக அசைகிறதா, உடலைக் குழாயில் உரசுகிறதா, கழிவு வெண்ணிறமாக இழை போல் நீள்கிறதா என்று நாள்தோறும் பார்த்துக் குறித்துவைப்பதே பாதி மருத்துவம்.

புதிதாகத் தொடங்கும் தொட்டிக்கும், ஒரேயொரு ஃபைட்டர் மீனை வளர்ப்பவருக்கும் இந்த ஏற்பாடு தேவையில்லை. அங்கு அந்தத் தொட்டியே தனிமைத் தொட்டி.

வெளியேற்றும் நீரின் பொறுப்பு

தனித் தொட்டியின் நீரையும் இறந்த மீனையும் குளத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ விடுவது, வீட்டுக்குள் தடுத்த நோயை ஊருக்குள் அனுப்புவதாகும். தங்க மீனும் கோயும், இந்தியக் குளங்களில் உணவுக்காக வளர்க்கப்படும் ரோகு, கட்லா ஆகியவற்றின் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆர்குலஸ் என்னும் மீன் பேன் இவை அனைத்தையும் தாக்கி, பண்ணையாளர்களுக்கு இழப்பை ஏற்படுத்துகிறது. கழிவுநீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து சாக்கடையில் ஊற்றலாம். இறந்த மீனை நீர்நிலைக்கு அப்பால் ஆழப் புதைக்கலாம். தனித் தொட்டியையும் வலையையும் கழுவி, வெயிலில் முற்றிலும் உலர்த்திய பிறகே அடுத்த மீன்களுக்குப் பயன்படுத்த வேண்டும்.

நீர்வாழ் உயிரினங்களின் நோய்களைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளங்கள் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. பண்ணைகளில் மீன்கள் திடீரென இறந்தால் தகவல் அளிப்பதற்காக 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற கைபேசிச் செயலியை மத்திய அரசு 2023 ஜூன் மாதம் அறிமுகப்படுத்தியது.