வெங்காயத்துக்கு வீடியோ வேண்டாம்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம் நான் பிறந்த ஊர். சின்ன வெங்காயம் விளையும் பூமி. பட்டறை போட்ட வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பித்த ஆள் நான். வேலை பார்ப்பது அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் நானும் தலைமையாசிரியரும்தான்.

ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டம் ஒன்றில் இளம் ஆசிரியர் ஒருவர் வெங்காயச் செடியின் பாகங்களைப் பற்றி அனிமேஷன் வீடியோ போட்டுக் காட்டினார். கண்ணும் வாயும் வைத்த வெங்காயம் பாட்டுப் பாடி ஆடியது. எல்லாரும் கைதட்டினோம். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெங்காயத்தை யாராவது வீடியோவில் காட்டுவார்களா? வேர், தாள், பூ எல்லாவற்றையும் காலையில் பிடுங்கி வந்து மேசையில் வைத்துவிடலாமே. உரிக்கும்போது கண் எரிவதும் பாடத்தில் சேர்ந்ததுதான். அது எந்தத் திரையில் வரும்?

தொடக்க வகுப்பில் அனிமேஷன் வீடியோ போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெங்காயத்துக்கு வேண்டாம், கடலுக்குப் போடுங்கள். கையில் எடுத்துக் கொடுக்க முடிந்ததைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எடுத்துக் கொடுக்க முடியாத அளவுக்குப் பெரியது, சிறியது, பழையது, மெதுவானது என்றால் திரைக்குப் போகலாம்.

கடல் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததே கிடையாது. ஆனால் அவர்கள் ஓடியாடும் மண் ஒரு காலத்தில் கடலடி. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், புவியியலாளர்கள் கிரிட்டேஷியஸ் என்று சொல்லும் காலத்தில், இந்தப் பகுதி முழுக்கக் கடல் ஏறி நின்றது. காரை, குளக்கல்நத்தம் பக்கம் போனால் செம்மண்ணும் வெளிர்மண்ணுமாக அரித்துக்கிடக்கும் அந்தக் கடலடியை இன்றும் பார்க்கலாம். சாத்தனூரில் கல்லாகிப் படுத்திருக்கும் மரம் 18 மீட்டர் நீளம். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டு வெளியே சொன்னது. அரியலூர், ஊட்டத்தூர் என்ற நம் ஊர்ப் பெயர்களையே அந்தப் பாறை அடுக்குகளுக்கு வைத்து உலகப் புவியியல் நூல்களில் எழுதியிருக்கிறார்கள்.

இதை ஏழு வயதுப் பிள்ளைக்கு வாயால் எப்படிச் சொல்வது? நான் பல வருஷம் சொல்லிப் பார்த்தேன். "ரொம்ப ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி" என்றால் பிள்ளைகள் தாத்தா காலத்தோடு நின்றுவிடுகிறார்கள். இங்கேதான் அனிமேஷன் தன் வேலையைச் செய்கிறது. நிலம் நகர்கிறது, நீர் ஏறுகிறது, சுருண்ட ஓட்டுக்குள்ளிருந்து கை நீட்டிக்கொண்டு அம்மோனைட் என்ற கடலுயிர் நீந்துகிறது, சாகிறது, சேற்றில் புதைகிறது. சதை அழுகிப்போக, ஓடு மட்டும் நிற்கிறது. அதற்குள் சேறு புகுந்து, தாதுக்கள் ஊறிக் கல்லாகிறது. கோடிக்கணக்கான ஆண்டு வேலை ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அம்மோனைட் நீந்தும் இடத்தில் படத்தை நிறுத்துவேன். மேசை டிராயரைத் திறந்து, ஒரு பையனின் தாத்தா கிணறு வெட்டியபோது கிடைத்த கல்லை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பேன். அதே சுருள். அதே வரிகள். வகுப்பு ஒரு நொடி வாயடைத்துப் போகும். அப்புறம் ஒரே கூச்சல்.

"டீச்சர், அப்ப நம்ம முந்திரிக் காட்டுல மீனு நீந்துச்சா?"

"நீந்துச்சு கண்ணு."

"அப்ப ரோட்டுல லாரி லாரியாப் போவுதே, அந்தச் சுண்ணாம்புக் கல்லு?"

அந்தக் கேள்வி நான் சொல்லிக்கொடுத்தது கிடையாது. சரியான கேள்வி. கல்லங்குறிச்சிப் பக்கத்துப் பாறையில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நம் சிமெண்ட் ஆலைகள் அரைப்பது அந்தக் கடலின் மிச்சத்தைத்தான். வீடியோவில் இது இல்லை. படத்தை நிறுத்தியதால் வந்தது.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 2020-ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்ஆப்பில் வீடியோவாகப் பறந்தது. பிறகு வல்லுநர்கள் பார்த்து, அவை அம்மோனைட்டோடு சேர்ந்த கடல் படிவக் கற்கள் என்றார்கள். முதலில் வந்த வீடியோதான் ஊர் முழுக்கப் போனது. பின்னால் வந்த விளக்கம் அவ்வளவு தூரம் போகவில்லை. வீடியோவில் வந்ததாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

கணக்குக்கு வருகிறேன். 42-இல் 17-ஐக் கழிக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்போம். நாங்கள் படித்த காலத்திலிருந்து இதே பேச்சுதான். ஒரு பெண் குழந்தை கேட்டது: "கடனைத் திருப்பிக் குடுக்க வேணாமா டீச்சர்?" நியாயம்தானே? அனிமேஷனில் நான்கு குச்சிக் கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் நிற்கும். ஒரு கட்டு நகர்ந்து வந்து, ரப்பர் பேண்ட் அறுந்து, பத்துக் குச்சிகளாகச் சிதறும். யாரிடமும் எதையும் வாங்கவில்லை, இருந்த நாற்பத்திரண்டு அப்படியே இருக்கிறது, கட்டு மட்டும் அவிழ்ந்திருக்கிறது என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். உடனே படத்தை அணைத்துவிட்டு ஈர்க்குச்சிக் கட்டுகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும். திரையில் அவிழ்ந்ததைப் பார்த்தவர்களில் சிலர் கையில் கட்டைக் கொடுத்ததும் திகைத்து நிற்பார்கள். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரியும்.

எழுத்துக்கும் அனிமேஷன் நன்றாக உதவுகிறது. சுவரில் தொங்கும் சார்ட்டில் ‘இ’ முடிந்துபோன உருவமாக நிற்கிறது. எங்கே ஆரம்பித்தார்கள், எங்கே சுழித்தார்கள் என்று சார்ட் சொல்லாது. ஒன்றாம் வகுப்பில் கீழிருந்து மேலே ஏறி எழுதும் பிள்ளைகள் வருஷம் தவறாமல் வருவார்கள். கோடு ஓடி ஓடி எழுத்தாவதைத் திரையில் பார்த்துக்கொண்டே அவர்கள் காற்றில் விரலால் எழுதட்டும். அதற்குப் பிறகு மணல், அதற்குப் பிறகு சிலேட்டு.

வாசிப்புக்கு எனக்குப் பிடித்தது, கதை சொல்பவர் சொல்லச் சொல்ல அந்தச் சொல் திரையின் அடியில் நிறம் மாறி ஓடும் வகைக் கதைப் படங்கள். பிரிஜ் கோத்தாரி என்பவரின் யோசனை அது. ஸ்பானிஷ் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடியில் ஓடும் எழுத்தும் ஸ்பானிஷிலேயே இருந்தால் மொழி சீக்கிரம் வருமே என்று அவருக்குத் தோன்றியதாம். 1996 வாக்கில் அதை நம் நாட்டுக்கு எடுத்துக்கொண்டார்: இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே வரி. பிறகு அவருடைய புக்பாக்ஸ் நிறுவனம் பல மொழிகளில் குழந்தைக் கதைகளை அனிமேஷன் ஆக்கியது, தமிழிலும் இருக்கிறது. சினிமாப் பாட்டுக்கு உதடு அசைக்கும் பிள்ளை, எழுத்துக்கும் உதடு அசைக்கும். இரண்டாம் முறை போடும்போது ஒலியை அணைத்துவிடுவேன். வகுப்பே வாசித்தாக வேண்டும்.

இனி, இந்த வீடியோக்கள் எங்கே காலை வாரும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் சிக்கல் வேகம். 2002-ல் பார்பரா ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர் உடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, அசையும் படம் அசையாத படத்தைவிட உண்மையில் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறதா என்று பழைய ஆய்வுகளைக் கிளறிப் பார்த்தார். பெரும்பாலும் இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. பார்ப்பவர் பிடிப்பதற்குள் படம் ஓடிவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எந்த டீச்சரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். என்ன, நாங்கள் சொன்னால் ஆய்வு ஆகாது.

விதை முளைக்கும் வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நொடியில் வேர் இறங்கி இலை விரிகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கொட்டாங்குச்சியில் பச்சைப்பயறு போட்ட பிள்ளைகள், மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மண்ணைத் தோண்டி முளைத்துவிட்டதா என்று பார்த்தால் அவர்களை என்ன சொல்ல? அதனால் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. திங்கள்கிழமை பயறு போடுங்கள், தினமும் பார்க்கட்டும், வரையட்டும். வீடியோ வெள்ளிக்கிழமை. அப்போது, மண்ணுக்குள்ளே தாங்கள் பார்க்க முடியாமல் போனதைத் திரையில் தேடிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, படம் கவனிக்காமல் சொல்லிவிட்டுப் போகும் பொய். பூமி சூரியனைச் சுற்றும் பாதையைக் கோழிமுட்டை மாதிரி நீட்டி வரைந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளை, கிட்டே போனால் வெயில், தூரம் போனால் குளிர் என்று தானே முடிவு கட்டிவிடும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டிருக்கும்போது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் சுமார் 15.2 கோடி. அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம்தான். வெயிலையும் குளிரையும் மாற்றுவது பூமியின் அச்சுச் சாய்வு. எந்த வீடியோவையும் ஆசிரியர் முன்னாலேயே முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கடைசிச் சிக்கல், ஒன்று மாற்றி ஒன்று ஓட விடுவது. அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற குழந்தை நிகழ்ச்சியில் ஒரே பகுதியை வாரம் ஐந்து நாளும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை திரையைப் பார்த்துக் காத்திருப்பார். திரும்பப் பார்க்கப் பார்க்கப் பிள்ளைகளின் பதில்கள் கூடின, புரிதலும் கூடியது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். பெரியவர்களுக்குத்தான் புதிது புதிதாக வேண்டும்; பிள்ளைகளுக்குப் பார்த்ததே மறுபடி வேண்டும். நம்மிடம் நேர்மாறாக நடக்கிறது. ஒன்று முடிந்ததும் அடுத்தது, அடுத்தது என்று தானாக ஓட விட்டுவிட்டு ஆசிரியர் எமிஸ் என்ற கல்வித்துறை இணையப் பதிவில் உட்கார்ந்துவிடுகிறார். குறை சொல்வது சுலபம். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் இடத்தில் அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் அது பாடம் ஆகாது, பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை.

வசதி இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு வந்தது. போனைக் காட்டினால் வீடியோ திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த வருஷமே கொரோனா வந்து, அதை வீட்டுக்கு வீடு தேட வைத்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2023-ல் மணற்கேணி செயலி. பிறகு தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று அரசு திட்டம் போட்டது. ஆக, பெட்டி வந்துவிட்டது, படமும் இருக்கிறது. பேச்சுமொழிதான் இன்னும் தூரமாக இருக்கிறது. படத்தில் வரும் மாமா "மழைநீர் நிலத்தடிக்குச் செல்கிறது" என்கிறார். எங்கள் பிள்ளை "தண்ணி உள்ள எறங்குது" என்கிறது. ஒலியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளையே கதை சொல்ல விட்டால் இரண்டு மொழியும் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும்.

வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் பொங்கலுக்கு வரும்போது, "டீச்சர், ஸ்கூலுக்குப் பெரிய டிவி ஒண்ணு வாங்கித் தரட்டுமா?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் யாராவது அப்படிக் கேட்பார்கள், நீங்களே கேட்கக்கூடும். முதலில் அந்த டீச்சரிடம் என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள். திரை ஏற்கெனவே இருந்தால், கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ், பின்வரிசைக்கும் கேட்கிற ஒரு ஸ்பீக்கர், வெயிலை மறைக்க ஜன்னலுக்குக் கெட்டித் திரைச்சீலை, நெட் இல்லாத நாளுக்கு ஒரு பென்டிரைவ் வாங்கிக் கொடுங்கள். மிச்சப் பணத்தில் பிள்ளைகளுக்குக் கை லென்ஸும், வருஷத்துக்கு ஒருமுறை வாரணவாசிக்கோ சாத்தனூருக்கோ போய்வர வேன் வாடகையும் கொடுத்தால் இன்னும் நல்லது.