வண்டி கவிழ்ந்த பிறகு: ஓட்டுநர் வீட்டாருக்கு

சிப்காட் பக்கமும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் தண்ணீர் லாரி, டிப்பர் ஓட்டுபவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். லாரி சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்திலோ மரத்திலோ மோதினால், ஸ்டீயரிங் ஓட்டுநரின் நெஞ்சிலும் வயிற்றிலும் இடிக்கும். வெளியே கீறல்கூட இராது. உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து இரத்தம் மெல்லக் கசியலாம். "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்பவரை நினைத்தே அதிகம் அஞ்சுகிறோம். வயிறு இறுகி வலித்தாலோ, அடிபடாத இடது தோள் வலித்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். அதுவரை சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

செலவை எண்ணித் தயங்காதீர்கள். 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு.

சிரமம் வீடு திரும்பிய பிறகுதான். காலில் பிளேட் வைத்தவர் பயிற்சியை நடுவில் விட்டால் முட்டி மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். மண்ணீரலை எடுத்தவருக்குத் தடுப்பூசிகள் தேவை. காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாற்காலியில் தொழலாம், மாத்திரை வேளை தவறக்கூடாது என்றால் நோன்பைப் பிறகு கழா செய்யலாம். மார்க்கம் தந்த சலுகையை ஏற்கக் கூச்சம் எதற்கு?

டிஸ்சார்ஜ் சீட்டு, எப்.ஐ.ஆர். நகல், மருந்து பில் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். சம்பளத்துக்கு ஓட்டியவர் இழப்பீடு கேட்கும்போது முதலில் கேட்கப்படுபவை அவைதான்.